பன்னிரண்டாம் பாகம் தேடிய ரோஸ்மேரி

ரோஸ்மேரி என்னிடம் முதன்முதலாக வந்தது சண்டை போடுவதற்குத்தான். வேலம்பாளையத்தில் நான் பாலி கவர் யூனிட் வைத்திருக்கிறேன். திருப்பூரிலிருந்து கப்பல் ஏறுகிற பனியனோ, ஜட்டியோ, குழந்தைச் சட்டையோ, எதுவானாலும் ஒரு கவருக்குள் நுழைந்துதான் போக வேண்டும். அந்தக் கவர்களில் கொஞ்சம் என் யூனிட்டில் அடித்தவை. அன்றைக்கு ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு நான் அனுப்பிய லாட்டில் 'குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும்' என்கிற எச்சரிக்கை வரி கோணலாக அச்சாகியிருந்தது. அந்தக் கம்பெனியின் செக்கிங் சூப்பர்வைசர்தான் ரோஸ்மேரி. போனில் திட்டியிருக்கலாம். திட்டாமல் ஒரு கட்டுக் கவரைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தே வந்து, அதை என் மேஜைமேல் போட்டார்.

நான் மிஷின்மேலும் கரண்ட்மேலும் பழியைப் போட்டு என் வழக்கமான பாட்டை ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. மேஜையில் இருந்த ஒரு புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். 'கேப்டன் மேகலை' மூன்றாம் பாகம். மடிப்பு விழாத பிரதி. குழந்தைச் சட்டைக் கவருக்குள் போட்டு ஒட்டி வைத்திருந்தேன்.

"அண்ணே, அதுல இருபத்தேழாம் பக்கத்துல ஒரு தப்பு இருக்கும், பாருங்க" என்றார்.

கவரைப் பிரிக்க எனக்கு மனசே இல்லை. ஆனாலும் என் புத்தகத்தைப் பற்றி எனக்கே ஒருவர் பாடம் சொல்வதா என்ற வீம்பில் பிரித்தேன். இருபதாம் பக்கத்தில் கப்பலின் மூன்று இன்ஜின்களில் ஒன்று வெடித்துச் சிதறுகிறது. இருபத்தேழாம் பக்கத்தில் 'மூன்று இன்ஜின்களும் ஒருசேர முழங்கின' என்று இருக்கிறது. பதினோரு வருஷமாக அந்தப் புத்தகம் என் கையில் இருந்தது. எனக்கு இது தெரியாது. தெரிய வழியும் இல்லை. திறந்தால் முதுகுப் பசை விட்டுவிடும் என்று நான் அதைத் திறந்ததே கிடையாது.

என் பெயர் மகுடேஸ்வரன். என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் முட்டாள்தனம் செய்கிற ஆள் நான்தான். விண்வெளிக் கதை, காலப்பயணக் கதை, இயந்திர மனிதன் கதை என்று வந்த பேப்பர்பேக் புத்தகங்களை முப்பது வருஷமாகச் சேர்க்கிறேன். என்னைப் போலக் கிறுக்குப் பிடித்தவர்கள் நாற்பத்து மூன்று பேர் சேர்ந்து 'அண்டவெளி வாசகர் வட்டம்' என்று வைத்திருக்கிறோம். சாயப்பட்டறை லேப்காரர், நூல் புரோக்கர், பஸ் கண்டக்டர், கணக்கு வாத்தியார் என்று எல்லாத் தினுசும் உண்டு. வட்டத்துக்கு நான் செய்த பெரிய சேவை கவர்தான். தமிழ் மாத நாவல் ஆறு மாதக் குழந்தைச் சட்டைக் கவரில் அளவெடுத்ததுபோல உட்காரும். இங்கிலீஷ்காரன் பாக்கெட்டில் வைக்கிற மாதிரி அடித்த குட்டைப் புத்தகத்துக்கு ஆண்கள் ஜட்டிக் கவர். பின்னாளில் வந்த பெரிய சைஸுக்கு லெக்கிங்ஸ் கவர். எங்கள் ஆட்கள் புத்தகத்தின் அளவை அங்குலத்தில் சொல்லவே மாட்டார்கள். "ஜட்டி சைஸா, லெக்கிங்ஸ் சைஸா" என்றுதான் கேட்பார்கள். வெளியூர்க்காரர்கள் முதல்முறை கேட்கும்போது கொஞ்சம் முழிப்பார்கள்.

கேப்டன் மேகலை கதையையும், வட்டத்தில் மற்றவர்கள் சொல்லிக் கேட்டபடி, சொல்லிவிடுகிறேன். ககனன் என்ற புனைபெயரில் யாரோ ஒருவர் எழுதிய வரிசை அது. மாதம் ஒன்றாக வந்தது. மட்ட ரகத் தாள், தொண்ணூற்றாறு பக்கம், அட்டையில் ஹெல்மெட் போட்ட ஒரு பெண். பெற்றவர்கள் சொல்லைக் கேட்காமல் மேகலை ஒரு கப்பலில் ஏறிப் பூமியை விட்டுப் போகிறாள். ஊர் உலகமெல்லாம் சுற்றி, கூட வந்தவர்களை ஒவ்வொருவராக இழந்து, பதினோராம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் தன்னந்தனியாகக் கப்பலைப் பூமியின் பக்கம் திருப்புகிறாள். இருபது வருஷம் கழித்துத் திரும்புகிறாள். 'மேகலை பேசுகிறேன், வந்துகொண்டிருக்கிறேன், அங்கே யாராவது இருக்கிறீர்களா?' என்று வயர்லெஸ்ஸில் கூப்பிடுகிறாள். பதில் இல்லை. அதற்குக் கீழே 'முடிவு அடுத்த இதழில்' என்று போட்டிருக்கும்.

அந்த அடுத்த இதழை யாரும் பார்த்ததில்லை. அச்சானது, கடைக்கு வரும் முன் மழையில் நனைந்துவிட்டது என்பார் ஒருவர். கரூரில் ஒரு பிரதி இருக்கிறது என்பார் இன்னொருவர். நானும் தேடினேன். என்னிடம் பதினொன்று இருந்தன, பன்னிரண்டு இருந்தால் செட் முழுசாகும். அவ்வளவுதான் என் தேடல்.

ரோஸ்மேரியின் தேடல் வேறு. அவர் சாத்தான்குளம் பக்கம். பதினெட்டு வயதில் திருப்பூருக்கு வேலைக்கு வந்து ஹாஸ்டலில் தங்கியபோது, யாரோ விட்டுப்போன முதல் பாகம் டிரங்குப் பெட்டிக்கு அடியில் கிடந்திருக்கிறது. அட்டை இல்லாத புத்தகம். அதைப் படித்துவிட்டு மற்றதையெல்லாம் பழைய பேப்பர் கடைகளில் தேடினார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சினிமாவுக்குப் போனால் இவர் பேப்பர் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். பதினொன்றும் சேர ஒன்பது வருஷம் ஆயிற்று.

அதற்கிடையில் இருபத்திரண்டு வயதில், கூட வேலை பார்த்த பாண்டித்துரை என்ற டெய்லரைக் கட்டிக்கொண்டார். பாண்டித்துரை கமுதிப் பக்கத்துக்காரர், வேறு மதம். வீட்டில் சம்மதம் இல்லை. எனக்கு அப்படி ஒரு மகளே பிறக்கவில்லை என்று அப்பா சொல்லி அனுப்பிவிட்டார். அதோடு பேச்சு நின்றது. பத்தொன்பது வருஷம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பா இறந்த செய்தியே நாற்பது நாள் கழித்து யார் மூலமாகவோ தெரிந்ததாம். அம்மாவும் தம்பியும் ஊரில் இருக்கிறார்கள். ஏன் ஒரு போன் செய்து பார்க்கவில்லை என்று என் மனைவி ஒருமுறை கேட்டிருக்கிறார். எடுக்காவிட்டால் என்ன செய்வது, செய்யாதவரை எடுப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளலாம் அல்லவா என்று ரோஸ்மேரி சொன்னாராம்.

மேகலை வீடு போய்ச் சேர்ந்தாளா, கதவு திறந்ததா என்று ரோஸ்மேரி எதற்காக அப்படித் துடிக்கிறார் என்பது எவனுக்கும் விளங்கும். எனக்கு விளங்க இரண்டு வருஷம் பிடித்தது.

எங்கள் வட்டம் வருஷத்துக்கு ஒருமுறை அவிநாசிபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்துக் கூடல் நடத்தும். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை. காலையில் இட்லி, மதியம் சாப்பாடு. இடையில் மேஜை போட்டு அவரவர் புத்தகத்தைக் காட்சிக்கு வைப்போம், மாற்றிக்கொள்வோம், விவாதம் என்ற பெயரில் கத்துவோம். சாயப்பட்டறை லேப் வேல்குமார் ரிஜெக்ட் ஆன பச்சை லைக்ரா துணியில் தலையோடு கால் ஒரே உடுப்பாகத் தைத்து, வேற்றுக்கிரகவாசியாக வாசலில் நின்று சந்தனம் கொடுப்பார். ரோஸ்மேரி இரண்டு கூடலுக்கு வந்தார். மற்றவர்கள் புத்தகங்களைப் பார்த்தார், தன்னுடையதைக் கொண்டுவரவில்லை. கேட்டால், வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்பார்.

மூன்றாவது கூடலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வேல்குமார் ஒரு குண்டைப் போட்டார். அவர் ஊர் சோமனூர். அவர் வீட்டிலிருந்து நாலாவது வீட்டில் இருக்கிற ஆத்தப்பன் என்ற பெரியவர்தான் ககனனாம். நூல் மில்லில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். முப்பது வருஷமாக அவர் வீட்டைத் தாண்டித்தான் வேல்குமார் பள்ளிக்கூடம் போய், வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார். பேச்சுவாக்கில் பெரியவரின் மனைவி பழனாயி அம்மாள் சொல்லித்தான் தெரிந்ததாம். கூடலுக்கு அழைத்து ஒரு பொன்னாடை போர்த்துவது என்று முடிவு செய்தோம்.

அன்று சாயங்காலமே ரோஸ்மேரி போன் செய்தார். பெரியவரிடம் பேசத் தனக்கு இரண்டு நிமிஷம் வேண்டும், மறந்துவிடக் கூடாது என்றார். நான் சரி என்றேன். மறுநாளும் போன் செய்தார். அடுத்த வாரமும் செய்தார். கடைசியில் நிகழ்ச்சி நிரலிலேயே 'ரோஸ்மேரி, இரண்டு நிமிடம்' என்று அச்சடித்த பிறகுதான் அடங்கினார்.

கூடலன்று அவர் பாண்டித்துரையோடு வந்தார். பாண்டித்துரை பேசுகிற ஆள் இல்லை. மனைவி பையைத் திறந்தால் பையைப் பிடித்துக்கொள்வார், மூடினால் விட்டுவிடுவார். அன்றைக்குத்தான் ரோஸ்மேரியின் பதினோரு புத்தகங்களும் வெளியே வந்தன. மேஜையில் வரிசையாக வைத்தார். நான் ஓடிப்போய் முதலில் ஒன்றை எடுத்துப் பிரித்தேன். அடுத்ததையும் பிரித்தேன், அதற்கடுத்ததையும் பிரித்தேன்.

பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு ஸ்டிக்கர். திருப்பூரில் செக்கிங் டேபிளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது என்று எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தைக் காட்டி விரல்நக அளவில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். ரோஸ்மேரி அதையே புத்தகத்திலும் செய்திருந்தார். எழுத்துப் பிழைக்கு அம்பு. இடது கையில் கட்டுப் போட்டவன் அடுத்த பக்கத்தில் வலது கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தால் அதற்கு அம்பு. நிலா இல்லாத கிரகத்தில் நிலா காய்ந்தால் அதற்கு அம்பு. பழைய தாளில் பசை ஊறி எண்ணெய்போலப் பரவியிருந்தது. பிரித்தெடுக்கப் போனால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும்.

"இதுக்கு நீங்க இதையெல்லாம் பேப்பர் கடையிலயே உட்டுட்டு வந்திருக்கலாமுங்க, அம்மணி" என்றேன்.

சத்தமாகத்தான் சொன்னேன். பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ரோஸ்மேரி புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கிப் பைக்குள் வைத்தார். பாண்டித்துரை பையைப் பிடித்துக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். அந்த ஒரு வாக்கியத்தை என்னால் திரும்பப் பெற முடியுமானால் என் மேகலை செட்டை முழுசாகக் கொடுத்துவிடுவேன்.

பதினோரு மணிக்கு ஆத்தப்பன் ஐயா வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு துணிப்பை. எழுபத்தாறு வயது. வாசலில் பச்சையாக நின்ற வேல்குமாரைப் பார்த்து, "ஏனுங்க தம்பி, புழுக்கமா இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே வந்தார். பொன்னாடை போர்த்தினோம். மைக்கைக் கொடுத்தோம். மில்லில் ஷிஃப்ட் முடிந்த பிறகு எழுதியதாகவும், மொத்தம் நாற்பத்தொரு நாவல் என்று பழனாயி கணக்கு வைத்திருப்பதாகவும், கையில் ஒரு பிரதிகூட இல்லை என்றும் சொன்னார். இவ்வளவு பேர் இதையெல்லாம் படித்தீர்களா என்று கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். மூன்று நிமிஷத்தில் பேச்சு முடிந்துவிட்டது.

நிரலில் அடுத்தது ரோஸ்மேரி. நான் பெயரைக் கூப்பிட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் மேடைக்கு வந்தார். மைக்கை வாங்கிக்கொள்ளவில்லை. பெரியவரின் நாற்காலிக்கு முன்னால் நின்று, கேப்டன் மேகலை பன்னிரண்டாம் பாகம் வந்ததா, வந்திருந்தால் மேகலை வீட்டுக்குப் போனாளா என்று கேட்டார். அதற்குப் பதில் நாற்பத்து மூன்று பேருக்கும் வேண்டியிருந்தது.

ஆத்தப்பன் ஐயா யோசித்தார். தலையைச் சொறிந்தார். பிறகு, "மேகலைன்னா பேரு வெச்சிருந்தனுங்க?" என்றார்.

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். ரோஸ்மேரி சிரிக்கவில்லை. மாதத்துக்கு இரண்டு கதை எழுதிய காலம் அது, ஒன்றும் மனதில் நிற்கவில்லை, மன்னிக்க வேண்டும் என்று பெரியவர் கையைக் கூப்பினார். ஒரு பெண் கப்பலில் போவாள் என்பது மட்டும் நிழலாக இருக்கிறது, அதற்குமேல் எதுவும் வரவில்லை என்றார். இருபத்து மூன்று வருஷமாக ஒருத்தி மனப்பாடமாகச் சுமந்துகொண்டிருப்பதை எழுதியவரே கீழே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவர்மேல் குற்றம் சொல்லவும் முடியாது. அந்த நேரத்தில் ரோஸ்மேரியின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அவர் மேடையை விட்டு இறங்கிப் போய்விடுவார் என்று நினைத்தேன். இறங்கித்தான் போனார். போய்ப் பையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். பதினோரு புத்தகத்தையும் பெரியவர் மடியில் வைத்தார்.

"நீங்க மறுபடி படிச்சுப் பாருங்கய்யா. படிச்சா ஞாபகம் வரும்லா" என்றார்.

பெரியவர் ஒன்றைப் பிரித்தார். இந்தச் சிவப்பு அம்பெல்லாம் என்னவென்று கேட்டார். நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு, அதெல்லாம் கதையில் உள்ள பிழைகள், இந்த அம்மணி செக்கிங்கில் வேலை பார்ப்பவர், தெரியாமல் ஒட்டிவிட்டார் என்றேன். பெரியவர் நான் சொன்னதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. ஒரு பக்கத்தைப் படித்தார், அம்பைப் பார்த்தார், அடுத்த பக்கம் போனார். மைக் சத்தம், சாப்பாட்டுப் பந்தி, எதுவும் அவர் காதில் விழவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாமா என்று ரோஸ்மேரியிடம் தயங்கிக் கேட்டார். ரோஸ்மேரி தலையாட்டினார். நானாக இருந்தால் சாமியே வந்து கேட்டாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

அதன் பிறகு ஆறு வாரம் ஒரு தகவலும் இல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ரோஸ்மேரி எனக்குப் போன் செய்வார். பெரியவர் எதுவும் சொன்னாரா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவார். கூடலில் நான் பேசியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. இரண்டாவது வாரம் மன்னிப்புக் கேட்டேன். அது பரவாயில்லை அண்ணே, உங்களுக்குப் புத்தகம் சுத்தமா இருக்கணும், எனக்குக் கதை சுத்தமா இருக்கணும் என்றார்.

ஏழாவது வாரம் ஆத்தப்பன் ஐயாவே கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வர வேண்டும், அந்த அம்மணியையும் அவர் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்றார். என் காரில் மூன்று பேரும் சோமனூர் போனோம். பக்கத்து வீடுகளில் தறிச் சத்தம். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்க வேண்டுமென்றால் கொஞ்சம் குரலை உயர்த்தத்தான் வேண்டும். பழனாயி அம்மாள் நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருந்தார். பேச்செல்லாம் சாப்பிட்ட பிறகுதான் என்று சொல்லிவிட்டார். ரோஸ்மேரி சோற்றை அளைந்துகொண்டே இருந்தார். பழனாயி அம்மாள் விட்டால்தானே? "இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க சாமி" என்று சொல்லிச் சொல்லியே மூன்று முறை சோறு போட்டுவிட்டார்.

சாப்பிட்டு முடித்துப் பாயில் உட்கார்ந்தோம். பெரியவர் புத்தகங்களைக் கொண்டுவந்து வரிசை மாறாமல் வைத்தார். ஒரு ஸ்டிக்கரைக்கூட அவர் எடுக்கவில்லை.

"மொத்தம் நூத்தி நாப்பத்தாறு அம்புங்க. ஒவ்வொண்ணா பாத்தனுங்க. நூத்தி நாப்பத்தஞ்சு நான் செஞ்ச தப்புத்தான், ஒத்துக்கறனுங்க" என்றார். "ஒண்ணு மட்டும் தப்பில்லீங்க, கண்ணு."

ஏழாம் பாகத்தை எடுத்தார். ஐம்பத்தெட்டாம் பக்கம். ஆறாம் பாகத்தில் இரண்டு பேர் இறந்துபோன பிறகு கப்பலில் மிச்சம் நாலு பேர். சாப்பாட்டு நேரம் வருகிறது. 'மேகலை ஐந்து தட்டுகளை எடுத்து வைத்தாள்' என்று இருக்கிறது. அந்த 'ஐந்து' என்ற சொல்லைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு நின்றது.

ரோஸ்மேரி விட்டுக்கொடுக்கவில்லை. செக்கிங்கில் கணக்குக் குறைந்தாலும் குற்றம், கூடினாலும் குற்றம். ஆள் நாலு, தட்டு அஞ்சு, இது எப்படித் தப்பில்லாமல் போகும் என்று கேட்டார்.

பெரியவர் சொன்னார். அந்த வரிக்குக் கீழே ஒரு பத்தி இருந்ததாம், பன்னிரண்டு வரி. புத்தகம் தொண்ணூற்றாறு பக்கத்தை ஒரு வரிகூட மீறக் கூடாது. அச்சுக்குப் போகிற நேரத்தில் ஒரு கூந்தல் தைல விளம்பரம் வந்துவிட்டது. விளம்பரத்துக்கு இடம் வேண்டும் என்று அச்சகத்தில் அந்தப் பன்னிரண்டு வரியை எடுத்துவிட்டார்கள். நாற்பத்தொரு நாவலில் எத்தனையோ வெட்டினார்கள், எதற்கும் வாய் திறக்காதவர், இதற்கு மட்டும் லீவு போட்டுவிட்டுக் கோயமுத்தூர் போய்ச் சண்டை போட்டிருக்கிறார். அந்த அம்பைப் பார்த்ததும் முதலில் அந்தச் சண்டைதான் ஞாபகம் வந்ததாம், அதைப் பிடித்துக்கொண்டு மற்றதும் வந்ததாம்.

அந்தப் பன்னிரண்டு வரியில் இருந்தது அவர் அண்ணன் கதை. பெரியவருக்குப் பதினோரு வயதாக இருந்தபோது அண்ணன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு பம்பாய்க்குப் போய்விட்டார். ஒரு கடுதாசி இல்லை. அம்மா மட்டும் தினமும் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அண்ணனுடைய தட்டையும் சேர்த்து வைப்பாராம். அந்தத் தட்டை எடு என்று அப்பா கத்துவார். அம்மா எடுக்க மாட்டார். அப்பாவும் கொஞ்ச நாளில் கத்துவதை விட்டுவிட்டார். பிறகு ஒருநாள், அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது, அப்பாவே அண்ணனுக்கும் தட்டு வைத்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகப் பெரியவர் சொன்னார்.

அதைத்தான் மேகலைக்குக் கொடுத்தாராம். மேகலையின் வீட்டில் அது வழக்கம், வெளியே போனவருக்கும் ஒரு தட்டு உண்டு. கப்பலில் அவள் வீட்டை நினைத்து ஒரு தட்டு வைக்கிறாள், வீட்டில் அவளை நினைத்து ஒரு தட்டு வைக்கிறார்கள்.

"பன்னெண்டாவது நான் எழுதவே இல்லீங்க, கண்ணு. பத்திரிகை நின்னு போச்சு. ஆனா எழுதியிருந்தா எப்படி முடியும்னு இப்பத் தெரியுதுங்க. எறங்கி ஊட்டுக்குப் போவா. தட்டு இருக்கும். அவ்வளவுதானுங்க கதை."

ரோஸ்மேரி புத்தகத்தைப் பார்த்தபடியே, "உங்க அண்ணன் திரும்பி வந்தாங்களாய்யா?" என்று கேட்டார்.

"வரலீங்க. எங்கம்மா சாகற வரைக்கும் தட்டு வெச்சாங்க. அது அவனுக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா வந்திருப்பானுங்க."

ரோஸ்மேரி அந்தச் சிவப்பு அம்பின்மேல் விரலை வைத்தார். எடுக்கப் பார்க்கவில்லை, சும்மா வைத்துக்கொண்டிருந்தார்.

"பாஸ் பண்ண வேண்டிய பீஸை ரிஜெக்ட்ல போட்டுட்டேனேய்யா" என்றார். சொல்லிவிட்டு அழுதார். பழனாயி அம்மாள் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எனக்கும் கண் கலங்கியது, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. பாண்டித்துரை மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது, கருமத்தம்பட்டி தாண்டும் முன் ரோஸ்மேரி வண்டியைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார். ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினேன். இறங்கி வெளியே நின்றார், கையில் போனை வைத்துக்கொண்டு நின்றார். தம்பியின் நம்பர் தன்னிடம் இல்லை என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

பாண்டித்துரை தன் போனை எடுத்து ஒரு நம்பரைத் தேடி நீட்டினார். மாமனார் இறந்தது தெரிந்த சமயத்தில் யாரிடமோ கேட்டு வாங்கி வைத்ததாம். மூன்று வருஷமாக வைத்திருந்திருக்கிறார். கேட்டால் கொடுக்கலாம் என்று இருந்தாராம். ரோஸ்மேரி கேட்கவில்லை, இவர் கொடுக்கவில்லை. அவரை அப்படியே கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது எனக்கு.

மணி நாலாகியிருந்தது. ரோட்டில் லாரிகள் போன சத்தத்தில் எதுவும் கேட்காது என்று ரோஸ்மேரி போனை ஸ்பீக்கரில் போட்டார். நாங்கள் இரண்டு பேரும் தள்ளிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. நாலாவது ரிங்கில் ஒரு ஆண் குரல் எடுத்தது. இவர் பெயரைச் சொன்னார். அந்தப் பக்கம் பதில் இல்லை. கட் ஆகிவிட்டது என்றே நினைத்தேன். பிறகு அந்தக் குரல் தூரத்தில், "எம்மா, இங்க வா" என்று கூப்பிடுவது கேட்டது. யாரோ மெதுவாக நடந்து வருகிற சத்தம். போன் கை மாறுகிற சத்தம்.

"எம்மா, ரோஸ்மேரி பேசுதேன்" என்றார் இவர். பத்தொன்பது வருஷத்தில் முக்கால்வாசி கழன்று போயிருந்த ஊர்ப் பேச்சு தானாக வாயில் வந்துவிட்டது.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. ஒரு லாரி போயிற்று. இன்னொரு லாரி போயிற்று. அதன் பிறகு, ஏதோ காலையில் கடைக்குப் போன மகளைக் கேட்பதுபோல அந்த அம்மா கேட்டார்.

"ஏளா, சாப்ட்டியா?"

பழனாயி அம்மாள் போட்ட மூன்றாவது சோற்றைச் சாப்பிட்ட கை காய்ந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

"இன்னும் இல்லம்மா" என்றார் ரோஸ்மேரி.